காய்ச்சல்காரர் பேச்சில் தடுமாறினால் காத்திருக்காதீர்கள்!



போன மழைக்காலத்தில் ஒரு நாள். பெரட்டு முடிந்து ஆட்கள் வேலைக்காட்டுக்குப் போய்விட்டார்கள். நான் கிளினிக்கில் மருந்துக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு சிறுமி மூச்சு வாங்க ஓடி வந்தாள். பதினொரு வயது இருக்கும். காலில் செருப்புக்கூட இல்லை.

"டிரசர் மாமா, அப்பா என்னைப் பார்த்து அத்தைன்னு கூப்பிடறாரு. காய்ச்சல்ல ஒளறறாரு, தூங்கட்டும்னு அம்மா சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

அவளுடைய தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுபவர். மூன்று நாளாகக் காய்ச்சல். முதல் நாள் நான்தான் பாரசிட்டமால் கொடுத்து, தலைவலி கூடினால் உடனே வரச் சொல்லியிருந்தேன். அவர் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது பாயில் சுருண்டு கிடந்தார். "அண்ணே, இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "மங்கெல்லாம் தொடைச்சாச்சா?" என்றார். அந்தத் தோட்டத்தில் பால் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சிறு வயதில் தாயாருக்கு மங்கு துடைத்துக் கொடுத்த நாளில் அவர் இருந்தார். இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன். வலது கை நின்றது. இடது கை மெல்லக் கீழே இறங்கியது.

அதற்கு மேல் நான் தாமதிக்கவில்லை. காடி பிடித்து, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வைரஸ் கிருமியால் வந்த மூளைக்காய்ச்சல் என்று டாக்டர்கள் சொன்னார்கள். பல வாரம் கழித்து அவர் நடந்தே வீடு திரும்பினார். இடது கையில் மட்டும் பலம் கொஞ்சம் குறைவு.

அவர் மனைவி பிறகு ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "காய்ச்சல் உடம்புக்குத்தானே வரும்? மூளைக்கு எப்படிங்க ஐயா போச்சு? கை ஏன் விழுந்துச்சு?"

நல்ல கேள்வி. இந்த மாதக் கட்டுரை அதற்கான பதில்தான்.

மூளைக்குள் ஓடும் குழாய்கள்

நம் மூளையின் எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. உடம்பின் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் இருதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இந்தச் சின்ன உறுப்புக்கே போகிறது. மூளைக்குச் சேமிப்பு கிடையாது. நாள் கூலிக்காரன் அன்றைய கூலியில் அன்றைக்குச் சாப்பிடுவது போல, வரும் ரத்தத்தில்தான் அது உயிர் வாழ்கிறது. ரத்தம் நின்றால் சில நிமிஷத்திலேயே அந்த இடத்து மூளை அணுக்கள் சாகத் தொடங்கிவிடும்.

இந்த ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்கள் பெரிதாகத் தொடங்கி, கிளை விட்டுக் கிளை விட்டு, கடைசியில் தலைமயிரைவிட மெல்லியதாகிவிடுகின்றன. குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு அணுப் பருமனில் வழவழப்பான உள்தோல் ஒன்று இருக்கிறது. ரத்தம் ஒட்டாமல் ஓடுவதற்கு இந்த உள்தோல்தான் காரணம். மூளையில் உள்ள குழாய்களில் இந்த அணுக்கள் இடைவெளி இல்லாமல் நெருங்கிப் பொருந்தியிருக்கும். வேண்டாததை உள்ளே விடாத வேலி அது.

பால் மரம் வெட்டிய பழைய ஆட்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பட்டைக்குள் இருக்கும் நுண்குழாய்களை வெட்டியவுடன் பால் ஓடும். சில மணி நேரம் சென்றதும் வெட்டின மேல் பால் உறைந்து கோட்டுப்பாலாக ஒட்டிக்கொள்ளும். ஓட்டம் நின்றுவிடும். மரத்துக்கு அது நல்லது, காயம் மூடுகிறது. நமக்குக் கை அறுபட்டால் ரத்தம் உறைவதும் இப்படித்தான். ஆனால் வெளியே உறைய வேண்டியது குழாய்க்கு உள்ளேயே உறைந்தால் என்ன ஆகும்? அதற்கு அப்பால் இருக்கும் இடம் பட்டினி கிடக்கும்.

வைரஸ் கிருமி மூளையின் ரத்தக் குழாயை மூன்று விதமாகக் கெடுக்கலாம்.

ஒன்று: குழாயின் உள்தோல் புண்ணாகி, அங்கே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது.

இரண்டு: குழாய் இறுக்கம் விட்டுக் கசிவது, அல்லது ரத்தம் கொட்டுவது.

மூன்று: குழாயின் சுவர் வீங்கித் தடித்து, வழி குறுகிப்போவது.

மூன்றுக்கும் உதாரணம் தேடி நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. முதல் உதாரணம் நம் நாட்டின் ஒரு கிராமத்துப் பெயரையே உலகம் முழுவதும் கொண்டுபோனது.

பேராக்கில் தொடங்கிய காய்ச்சல்

1998 செப்டம்பர் மாதக் கடைசியில், பேராக்கில் ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா வட்டாரத்தில், பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. தலைவலி, வாந்தி, மயக்கம், பிறகு நினைவு தப்புதல். பலர் இறந்தார்கள். அந்தப் பண்ணைகளிலிருந்து பன்றிகள் தெற்கே விற்கப்பட்டன. சிறிது காலத்தில் நெகிரி செம்பிலானில் சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் பகுதிகளிலும் ஆட்கள் விழத் தொடங்கினார்கள். 1999 மார்ச் மாதத்தில் சிங்கப்பூரில் மலேசியப் பன்றிகளை அறுத்த இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு நோய் கண்டது. அதில் ஒருவர் இறந்தார்.

அப்போது நான் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆனால் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். ஏனென்றால் இது கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் முதலில் எல்லாரும் நம்பினார்கள். அப்படி நினைத்ததற்குக் காரணமும் இருந்தது. அந்த நோய்க் கிருமியும் பன்றியில் வளரக்கூடியது. சில நோயாளிகளின் ரத்தப் பரிசோதனையும் அதையே காட்டியது. ஆகவே கொசுவுக்குப் புகை அடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள். ஆனால் சாவு நிற்கவில்லை.

பண்ணையில் வேலை செய்தவர்கள் கண்ட கணக்கோ வேறு மாதிரி இருந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் வேலை செய்யும் வயதிலுள்ள ஆண்கள். கொசு எல்லாரையும் கடிக்கும். இங்கே பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களுக்குத்தான் நோய் கண்டது, பக்கத்தில் இருந்தும் பன்றியைத் தொடாதவர்கள் தப்பினார்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். அதோடு, மனிதருக்கு முன்பாகப் பன்றிகளே நோயில் விழுந்தன. ஒரு மைல் தூரத்துக்குக் கேட்கும் இருமல் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

1999 மார்ச் மாதத் தொடக்கத்தில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரின் முதுகுத்தண்டு நீரிலிருந்து புதிய கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதை அவரே அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். அங்கே கருவியில் பார்த்தபோது அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி அல்ல என்று தெரிந்தது. 1994-இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளையும் மனிதர்களையும் தாக்கிய ஹெண்ட்ரா கிருமிக்கு அது நெருங்கிய சொந்தம். அந்தக் கிராமத்தின் பெயரால் அதற்கு நிப்பா வைரஸ் என்று பெயர் வைத்தார்கள்.

அதன் பிறகு நடவடிக்கை திசை மாறியது. ராணுவத்தார் இறங்கிச் சுமார் பத்து லட்சம் பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். நோயும் அடங்கியது. அதற்குள் நம் நாட்டில் 265 பேருக்கு மூளைக்காய்ச்சல் கண்டு, 105 பேர் இறந்துவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பண்ணைக்காரர்களும் பண்ணைத் தொழிலாளிகளும்தான். நம்மைப் போல அன்றாடம் வேலைக்குப் போய்வந்தவர்கள்.

மூளையில் டாக்டர்கள் கண்டது

இறந்தவர்களின் உடலை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் வோங் கும் தோங். அவர்கள் கண்டது இதுதான்: நிப்பா கிருமி சிறிய ரத்தக் குழாய்களின் உள்தோலுக்குள் புகுந்து, அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய கட்டியாக்கிவிடுகிறது. குழாய்ச் சுவர் அழற்சி கண்டு சிதைகிறது. அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. நுரையீரலிலும் மற்ற உறுப்புகளிலும் இது நடந்தது. ஆனால் மூளையில்தான் மிக அதிகம். குழாய் அடைபட்ட இடத்திலெல்லாம் மூளை சின்னச் சின்னத் துண்டாகச் செத்திருந்தது. குழாயைத் தாண்டிய கிருமி மூளை அணுக்களையும் நேராகத் தாக்கியிருந்தது.

உயிரோடிருந்த நோயாளிகளின் மூளையைக் காந்தக் கருவியில் படம் எடுத்தபோதும், பொட்டுப் பொட்டாக வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. பெரிய வாதத்தில் மூளையின் ஒரு பகுதி மொத்தமாக அடிபடும். இங்கே நூறு இடத்தில் நூறு சின்ன வாதம் வந்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கிருமி ஏன் ரத்தக் குழாயையும் மூளையையும் தேடிப் போகிறது? 2005-இல் ஆராய்ச்சியாளர்கள் அதையும் கண்டுபிடித்தார்கள். எப்ரின்-பி2 என்று ஒரு பொருள் நம் அணுக்களின் மேல் இருக்கிறது. ரத்தக் குழாயின் உள்தோலிலும் மூளை அணுக்களிலும் அது நிறைய உண்டு. நிப்பா கிருமியிடம் இருக்கும் சாவி அந்தப் பூட்டுக்குச் சரியாகப் பொருந்துகிறது. எந்த வீட்டுப் பூட்டுக்குச் சாவி இருக்கிறதோ அந்த வீட்டுக்குள்தானே திருடன் நுழைவான்!

தப்பிப் பிழைத்தவர்களிலும் சிலருக்கு, பல மாதம் கழித்தும் சில வருஷம் கழித்தும் மூளைக்காய்ச்சல் மறுபடி வந்தது. மூளைக்காய்ச்சல் வந்து ஆறியவர்கள் பிறகும் மருத்துவமனைத் தவணையைத் தவறவிடக் கூடாது என்பதற்கு இது ஒரு பாடம்.

வௌவால் கடித்த பழம்

கிருமி பன்றிக்கு எங்கிருந்து வந்தது? பழம் தின்னும் பெரிய வௌவாலிடமிருந்து. மலாய்க்காரர்கள் கெலுவாங் என்பார்கள். நோய் தொடங்கிய பேராக் பண்ணையில் பன்றிக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே மாமரங்கள் இருந்தன. வௌவால் கடித்துப் போட்ட பழத்தையும் எச்சிலையும் சிறுநீரையும் பன்றிகள் தின்றிருக்கின்றன. பிறகு தியோமான் தீவில் வௌவாலின் சிறுநீரிலும் கடித்துப் போட்ட பழத்திலும் டாக்டர் சுவாவின் குழுவினர் அதே கிருமியைக் கண்டுபிடித்தார்கள்.

1999-க்குப் பிறகு நம் நாட்டில் மனிதருக்கு இந்த நோய் பரவவில்லை. ஆனால் பங்களாதேஷில் 2001 முதல் பல முறை வந்திருக்கிறது. வௌவால் வாய் வைத்த பேரீச்ச மரத்துப் பச்சைப் பதநீரைக் குடித்ததால் வந்தது. கேரளாவில் 2018 மே மாதம் கோழிக்கோடு பகுதியில் வந்தபோது, நோயாளியைக் கவனித்த லினி என்ற தாதியே அந்த நோயில் உயிர் விட்டார். நோயாளியின் எச்சில், சிறுநீர் மூலம் மனிதரிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். இந்த நோய்க்கென்று மக்களுக்குப் போடும் தடுப்பூசி இன்று வரை வரவில்லை.

ஆகவே வௌவால் கொறித்த மாம்பழம், கொய்யா, ரம்புத்தானைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்ன விடாதீர்கள். "கடிச்ச இடத்தை வெட்டிட்டுத் தின்னா போச்சு" என்று சொல்லாதீர்கள். தூக்கி எறியுங்கள். மற்றப் பழங்களைக் கழுவித் தோல் சீவிச் சாப்பிடுங்கள். அதற்காக வௌவாலைக் கல்லால் அடிக்கவும் வேண்டாம். டுரியான் பூ காய் பிடிப்பதற்கு வௌவால்களின் உதவி வேண்டும். பங்களாதேஷிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்யும் தோழர்களைச் சந்தேகமாகப் பார்ப்பதும் அறியாமை. கிருமிக்குப் பாஸ்போர்ட் கிடையாது.

நம் வாசலிலேயே இருப்பவை

நிப்பா அபூர்வமான நோய். இனிச் சொல்லப்போவது நம் லயத்திலேயே அடிக்கடி பார்ப்பது.

முதலில் டெங்கி. குழாய் கசிவதற்கு உதாரணம் இது. டெங்கியில் ரத்தக் குழாய்கள் இறுக்கம் விட்டு, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. முக்கியமாக நெஞ்சிலும் வயிற்றிலும் நீர் சேரும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் குறைந்துவிடும். சிலருக்கு, அபூர்வமாக, மூளையிலும் வீக்கமோ ரத்தக்கசிவோ ஏற்படும். நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறு என்ன தெரியுமா? காய்ச்சல் இறங்கியவுடன் "விட்டுப்போச்சு" என்று வேலைக்குக் கிளம்புவது. டெங்கியில் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான நாள். அப்போது வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல், சோர்வு, தடுமாற்றம் இவற்றில் ஒன்று கண்டாலும் ஆஸ்பத்திரிதான். கடையில் வாங்கும் ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டுமே, அதையும் சொன்ன அளவில்.

அடுத்தது சின்னம்மை. ஆத்தா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிச் சுத்தமாக வைத்திருப்பதை நான் குறை சொல்லமாட்டேன். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடுவார்கள். ஆனால் மிகச் சிலருக்கு, அம்மை இறங்கிப் பல வாரமோ மாதமோ கழித்து, மூளைக்குப் போகும் குழாயின் சுவர் தடித்து வழி குறுகிவிடும். பிள்ளைக்கே பக்கவாதம் வரும். "ஸ்ட்ரோக் கிழவங்களுக்குத்தானே வரும்?" என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பிள்ளையின் கை திடீரென்று துவண்டாலோ வாய் கோணினாலோ, ஆறு மாதத்துக்கு முன் அம்மை போட்டிருந்தாலும் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அம்மை போட்ட பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

மூன்றாவது அக்கி. இதைப் பற்றி எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்குகிறது.

சின்னம்மை ஆறினாலும் அதன் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பின் வேரில் ஒளிந்திருக்கும். வயதாகி உடம்பு தளரும்போது ஒரு நரம்பு வழியாகக் கொப்புளமாக வெளியே வரும். அதுதான் அக்கி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு தோட்டத்தில், ஒரு பெரியவர் இடது நெற்றியிலும் கண்ணிமையிலும் அக்கியோடு வந்தார். காவியால் அக்கி எழுதியிருந்தார். "இது தானா ஆறிடும் பெரியப்பா" என்று சொல்லிப் பூச்சு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டேன். அக்கி ஆறியது. ஒரு மாதம் கழித்து அவருக்கு வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது.

நெற்றிக்கும் கண்ணுக்கும் வரும் நரம்பின் கிளைகள் மூளையின் ரத்தக் குழாய்களுக்கும் போகின்றன. அந்த வழியாகக் கிருமி குழாய்ச் சுவருக்குள் போய் அழற்சி உண்டாக்கலாம் என்பதை அதற்குப் பிறகுதான் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். இடப்பக்க மூளை அடிபட்டால் வலப்பக்க உடம்பு விழும். அவருக்கு வாதம் வந்தது அக்கியால்தானா, வயதாலும் ரத்த அழுத்தத்தாலுமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அன்றே நான் அவரை டாக்டரிடம் அனுப்பியிருக்க வேண்டும். அது என் தவறு. அந்தப் பெரியவரின் முகம் எனக்கு மறக்காது.

அக்கிக்கு மாத்திரை உண்டு. அசைக்ளோவிர் போன்றவை. கொப்புளம் கண்ட மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். காவி எழுதுவது உங்கள் விருப்பம். ஆனால் எழுதிவிட்டு மூன்று நாள் காத்திருக்காதீர்கள். கண், நெற்றி, காதுப் பக்கம் அக்கி வந்தால் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். அக்கிக்குத் தடுப்பூசியும் இருக்கிறது, வயதானவர்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

சளிக்காய்ச்சலும் கோவிட்டும்கூட ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டக்கூடியவை. ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் காய்ச்சல் சமயத்தில் "சாப்பாடே இறங்கல, மாத்திரை எதுக்கு" என்று வழக்கமான மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. என்னை வந்து கேளுங்கள்.

வீட்டிலேயே செய்யும் சோதனை

காய்ச்சல்காரரைக் காலையும் மாலையும் எழுப்பிப் பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை.

1. எழுப்பினால் முழுதாக விழிக்கிறாரா? எழுப்ப எழுப்பத் தூங்கிவிழுகிறாரா?

2. தன் பெயர், இன்று என்ன கிழமை, எதிரில் நிற்பது யார் என்று சரியாகச் சொல்கிறாரா?

3. இரண்டு கையையும் நீட்டித் தூக்கி, பத்து எண்ணும் வரை வைக்க முடிகிறதா? ஒரு கை இறங்குகிறதா?

4. சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? பேச்சு குழறுகிறதா?

5. கழுத்தை முன்னால் மடக்க முடியாமல் விறைக்கிறதா? தாங்க முடியாத தலைவலி, ஓயாத வாந்தி, வெளிச்சம் பட்டால் கண் கூசுதல் உண்டா?

6. வலிப்பு வந்ததா?

இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சாதாரணப் பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மூளைக்காய்ச்சலில் சில வகைக்கு மருந்து இருக்கிறது, அதையும் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். எந்த வகை என்பதை நீங்களும் நானும் கண்டுபிடிக்க முடியாது. அது ஆஸ்பத்திரி வேலை. கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் வேலை.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ கையில் இரும்போ திணிக்காதீர்கள். எத்தனை நிமிஷம் நீடித்தது என்று கடிகாரத்தைப் பாருங்கள். மயக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீர், கஞ்சி, மாத்திரை எதுவும் ஊட்டக் கூடாது, மூச்சில் ஏறிவிடும். "குடிச்சிருக்கான்", "காத்து கருப்பு பட்டிருக்கு" என்ற முடிவுக்கு வரும் முன் உடம்பு சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். கோயிலில் கயிறு கட்டுவதை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் கட்டலாம்.

அவசரத்துக்கு 999 எண்ணைக் கூப்பிடுங்கள். நம் பண்டார் பாரு மூன்று மாநிலம் சேரும் மூலை. ஆற்றுக்கு அக்கரையில் பேராக், அந்தப் பக்கம் பினாங்கு. "நாம கெடாக்காரங்க, பாரிட் புந்தாரில் பார்ப்பாங்களா?" என்று சிலர் கேட்கிறார்கள். பார்ப்பார்கள். அவசரத்துக்கு மாநில எல்லை கிடையாது. பாரிட் புந்தாரோ, சுங்கை பாக்காப்போ, கூலிமோ, உங்கள் தோட்டத்துக்கு எது பக்கமோ அந்த அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சொல்லுங்கள், மறைக்காதீர்கள்

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்பதற்கு முன்பே நான்கு விஷயம் சொல்லுங்கள். காய்ச்சல் எந்த நாள், எந்த நேரம் தொடங்கியது? என்ன வேலை செய்தார், எந்த மிருகத்தைத் தொட்டார், வெள்ளத்திலோ சேற்றிலோ இறங்கினாரா? என்னென்ன மருந்து சாப்பிட்டார், நாட்டு மருந்து உட்பட? லயத்தில் வேறு யாருக்காவது இதே போல இருக்கிறதா?

1999-இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கிருமியைக் கண்டுபிடித்தது விஞ்ஞானக்கூடம்தான். ஆனால் பன்றி இருமுகிறது, பன்றியைத் தொட்டவன்தான் விழுகிறான் என்பதை அன்றாடம் கண்ணால் பார்த்தவர்கள் பண்ணையில் வேலை செய்தவர்கள். தொழிலாளி பார்த்ததும் மருத்துவ அறிவுதான். அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்பவர் டாக்டரானாலும் மண்டோரானாலும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். காய்ச்சலோடு வேலைக்குப் போவதற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல, கூலி போய்விடும் என்ற பயம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சர்வீஸ் உள்ளவருக்கு ஆண்டுக்கு 14 நாளும், இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் இருப்பவருக்கு 18 நாளும், ஐந்து வருஷத்துக்கு மேல் 22 நாளும் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள் உண்டு. 2023 ஜனவரி முதல் அந்த 60 நாள் மேற்சொன்ன விடுப்புக்குத் தனியாகவே கிடைக்கிறது. டாக்டர் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள். வெளிநாட்டுத் தோழர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். மறுத்தால் கிளைச் செயலாளரைப் பாருங்கள். சங்கம் எதற்கு இருக்கிறது?

அந்தக் குலை வெட்டும் தோழர் இப்போது தோட்டத்து நாற்றுப் பண்ணையில் இலேசான வேலை செய்கிறார். இடது கைக்குத் தினமும் பந்து பிடித்துப் பயிற்சி செய்கிறார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறாள். அன்றைக்கு அவளிடம் மருந்தும் இல்லை, படிப்பும் இல்லை. அப்பா எப்போதும் போல இல்லை என்பதை மட்டும் பார்த்தாள். பார்த்ததும் ஓடி வந்தாள்.

உங்கள் வீட்டிலும் காய்ச்சல்காரர் எப்போதும் போல இல்லையென்றால், நள்ளிரவானாலும் என் கதவைத் தட்டுங்கள். தூக்கம் கெட்டதென்று நான் ஒருநாளும் கோபிக்கமாட்டேன்.